தேவகியின் வகுப்பைப் பார்க்கப் போன கதை

இந்த ஊரில் என் வகுப்புக்குள் யார் நுழைந்தாலும் ஒரு பிள்ளையும் எழுந்து நிற்பதில்லை. கனடாவில் ஒரு சின்ன ஊர். அங்கே ஒரு தொழிற்கல்லூரியில் கணக்குச் சொல்லித்தருகிறேன். வந்து நான்கைந்து குளிர்காலம் ஆகிவிட்டது. வகுப்பு நடக்கும்போது பக்கத்து அறை ஆசிரியை டயான் கையில் காபிக் கோப்பையோடு வருவாள், பின்னால் காலியாகக் கிடக்கிற நாற்காலியில் உட்காருவாள், பார்ப்பாள், போவாள். ‘பியர் அப்சர்வேஷன்’ என்று இதற்குப் பெயர். ஓர் ஆசிரியர் இன்னோர் ஆசிரியரின் வகுப்பில் உட்கார்ந்து பார்க்க வேண்டும், பார்த்ததை அவரிடம் மட்டும் சொல்ல வேண்டும். மேலிடத்துக்கு அதில் ஒரு வார்த்தையும் போகாது. பார்த்தது எதுவானாலும் பாடம் எடுத்தவருக்கே சொந்தம். கேட்கும்போது சாதாரணமாகத்தான் இருக்கிறது. நானோ படூர்ப் பக்கத்துக் கல்லூரி ஒன்றில் பத்து வருடத்துக்கு மேல் வேலை பார்த்துவிட்டு வந்தவள். என் வகுப்புக்குள் இன்னோர் ஆசிரியர் வந்தால் யாரோ புகார் கொடுத்துவிட்டார்கள் என்றுதான் எனக்குத் தோன்றும்.

டயான் முதல் தடவை வரப்போவதற்கு முன்னால், “உன் வகுப்பில் எதைப் பார்க்கட்டும்?” என்று கேட்டாள். எனக்கு அந்தக் கேள்வியே விளங்கவில்லை. “எதை வேண்டுமானாலும் பாருங்கள் மேடம், எல்லாம் சரியாக இருக்கும்” என்றேன். அவள் புருவத்தைத் தூக்கி, “இன்ட்ரஸ்டிங்” என்றாள். இந்த ஊரில் அந்தச் சொல்லுக்குப் பாராட்டு என்று பொருள் இல்லை என்பது எனக்குத் தெரிய ஒரு வருடம் பிடித்தது. பாராட்டிவிட்டாள் என்று நம்பிக்கொண்டு வகுப்புக்குப் போய், நாளைக்கு இந்தக் கணக்கைத்தான் கேட்பேன், இதுதான் விடை, இன்னார் கை தூக்குங்கள் என்று பிள்ளைகளுக்கு ஒத்திகை வைத்தேன். மறுநாள் டயான் பின்னால் உட்கார்ந்திருக்க, நான் கணீரென்று கேள்வி கேட்டேன். நாக்கில் வளையம் குத்திக்கொண்ட ஒரு பெண், “இதைத்தானே நேற்று நீங்களே விடையோடு சொன்னீர்கள்?” என்றாள். என் முகத்தில் ஈயாடவில்லை. வகுப்பு முடிந்ததும் டயான், “ஒரே கணக்கை இரண்டு நாள் செய்கிறாயே, மனத்தில் பதியட்டும் என்றா?” என்று அக்கறையாகக் கேட்டாள். ஆமாம் என்று சொல்லித் தப்பித்தேன். இப்படிக்கூட ஒருத்தி கல்லூரியை ஏமாற்றுவாள் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. அன்றைக்கு எனக்கு அவமானத்தைவிட அருவருப்புத்தான் அதிகமாக வந்தது, என்னை இப்படிப் பழக்கி அனுப்பிய இடத்தின்மேல்.

அங்கே எப்படி நடக்கும் என்று என்னோடு வேலை பார்த்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, மற்றவர்களுக்குச் சொல்கிறேன். வருடத்துக்கு ஒருமுறை, தரச்சான்று கொடுக்கிற குழு வரப்போகிறது என்றால், ‘பியர் அப்சர்வேஷன்’ என்கிற அதே பெயரில் எங்கள் கல்லூரியிலும் ஒரு கூத்து நடக்கும். நான் உங்கள் வகுப்பைப் பார்த்ததாக எழுதுவேன், நீங்கள் என் வகுப்பைப் பார்த்ததாக எழுதுவீர்கள். நீ எனக்கு ஒன்பது போடு, நான் உனக்கு ஒன்பது. பத்து போட்டால் சந்தேகம் வருமாம். இரண்டு பேரும் கேன்டீனில் சமோசா தின்றுகொண்டே எழுதி முடித்துவிடுவோம். நிஜமாகவே ஆள் வந்து பார்க்கப்போகிறார்கள் என்றால் இன்னும் கேவலம். எல்லாப் பிரிவிலிருந்தும் நன்றாக இங்கிலீஷ் பேசுகிற பிள்ளைகளைப் பொறுக்கி ஒரே அறையில் உட்கார வைப்பார்கள். அச்சிறுபாக்கத்திலிருந்தும் செய்யூரிலிருந்தும் தமிழில் படித்துவிட்டு வந்த பிள்ளைகளை நூலகத்துக்குத் துரத்திவிடுவார்கள். ‘மாடல் கிளாஸ்’ என்று பெயர். அந்தப் பாடத்தை அந்தப் பிள்ளைகள் ஏற்கெனவே பலமுறை கேட்டிருப்பார்கள். சந்தேகம் கேட்க ஒரு பெண், பதில் சொல்ல ஒரு பையன், கடைசியில் நன்றி சொல்ல ஒருத்தி. பிள்ளைகளுக்குக் கணக்கு வந்ததோ இல்லையோ, பொய் சொல்ல நன்றாகக் கற்றுக்கொடுத்தோம்.

இந்த வருடம் ஆடி மாதம் விடுமுறைக்குக் கருங்குழிக்கு வந்திருந்தேன். ஜி.எஸ்.டி. ரோட்டை ஒட்டித்தான் எங்கள் வீடு. அம்மன் கோயில் ஸ்பீக்கர் ஒரு பக்கம், லாரி ஹாரன் ஒரு பக்கம். காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது பாஸ்கர் போன் பண்ணினான். என்னிடம் படித்து, பிறகு என்னோடேயே வேலைக்குச் சேர்ந்து, இப்போது அந்தக் கல்லூரியின் தரப் பிரிவுக்குப் பொறுப்பாளராக ஆகிவிட்டவன்.

“இன்னா மேடம், ஊருக்கு வந்துகீறீங்க, ஒரு போன்கூடப் பண்ணல. நம்ம காலேஜுக்கு ஒரு நாள் வாங்க. ஒரே ஒரு கிளாஸ் உக்காந்து பாக்கணும். ஃபாரின் ஃபேகல்டி பாத்தாங்கன்னா எங்களுக்கும் ஒரு வெயிட்டு.”

“யார் கிளாஸ்?”

“நம்ம தேவகி மேடம்தான்.”

அந்தப் பெயரைக் கேட்டதும் சரி என்று சொல்லிவிட்டேன். தேவகி என் சிநேகிதி. ஒரே அறையில் எதிரெதிர் மேசையில் இருந்து வேலை பார்த்தோம். கடப்பாக்கத்துக்காரி. அந்த ஊர்க் கடலோரத்துப் பழைய கோட்டைக்குப் போகிற வழியில் வீடு. வீட்டுக்காரர் மீன் வண்டிக்கு ஐஸ் போடுகிறார். விடியற்காலையில் ஈ.சி.ஆர். பஸ்ஸைப் பிடித்து மகாபலிபுரத்தில் இறங்கி, அங்கே கல்லூரி பஸ் ஏறி வருவாள். நான் பார்த்த கணக்கு ஆசிரியர்களில் பிள்ளைகளின் முகத்தைப் பார்த்துப் பாடம் எடுத்தது அவள் ஒருத்திதான். ஒன்பது மார்க் வியாபாரத்துக்கு அவள் மட்டும் வர மாட்டாள். ‘வந்து உக்காந்து பாத்துட்டு எழுதுங்க, இல்லன்னா வுடுங்க’ என்பாள். யாரும் உட்கார்ந்ததில்லை. அவளுடைய பெண்ணும் அதே கல்லூரியில்தான் மூன்றாம் வருடம் படிக்கிறாள். அம்மா வேலையில் இருக்கிற வரைக்கும் பெண்ணுக்குக் கட்டணம் கிடையாது.

செங்கல்பட்டு, திருப்போரூர், கேளம்பாக்கம் என்று மாறி மாறிப் போய்ச் சேர்ந்தேன். வாசலிலேயே பூங்கொத்து, பொன்னாடை, போட்டோ. தாளாளர் அறையில் ஏ.சி. குளிர் கனடாவையே தோற்கடித்துவிடும். தாளாளர் என்னை உட்கார வைத்து, முந்திரி பக்கோடாவை என் பக்கம் தள்ளிவிட்டு, விஷயத்தைச் சொன்னார். “அந்தம்மா கிளாஸ்ல தமிழ் பேசறாங்கன்னு கம்ப்ளெய்ன்ட் வந்துகினே கீது. மாடல் கிளாஸ் எடுக்கச் சொன்னா மாட்டேங்கறாங்க. நாங்களா வேலையவுட்டுத் தூக்கிட்டா பழி வாங்கிட்டோம்னு பேசுவாங்க. நீங்க வெளியாளு. நீங்க பாத்துச் சொல்லிட்டா நியாயமா இருக்கும் பாருங்க.” அப்போதுதான் எனக்கு உறைத்தது. வகுப்பைச் சரிபண்ண என்னைக் கூப்பிடவில்லை. தேவகியை அனுப்பிவிட ஒரு சாக்குக்காகக் கூப்பிட்டிருக்கிறார்கள். பக்கோடாவைத் தொடாமல் எழுந்தேன். அப்படியே ஊருக்குத் திரும்பியிருக்கலாம். ஆனால் நான் போனால் இன்னொரு ஆள் வருவான், அவனுக்குத் தேவகியைத் தெரியாது. அதனால் பார்க்கிறேன் என்றேன், கனடாவில் பார்க்கிற மாதிரிதான் பார்ப்பேன் என்றும் சொன்னேன். “அதாம்மா வேணும், இன்டர்நேஷனல் மெத்தட்” என்று அவர் பூரித்துப்போனார்.

தேவகியை மாடிப்படிக்கட்டில் பிடித்தேன். டயான் என்னைக் கேட்ட கேள்வியை நான் அவளைக் கேட்டேன். “உன் கிளாஸ்ல நான் எதைப் பாக்கட்டும்?”

டயானிடம் நான் சொன்ன மாதிரி அவள் சொல்லவில்லை. சட்டென்று பதில் வந்தது, பல வருடமாக யாராவது கேட்கமாட்டார்களா என்று வைத்திருந்த மாதிரி. “பசங்க எந்த எடத்துல என்னைய வுட்டுட்டுப் போறாங்கன்னு பாத்துச் சொல்லுடி. ஆரம்பத்துல அல்லாரும் என்கூடத்தான் வராங்க. பாதி ஹவர்ல திரும்பிப் பாத்தா பின்னாடி கீறவங்க காணாம பூட்றாங்க. உடம்பு அங்கதான் கீது, ஆளு இல்ல. எங்க வுடறேன்னு எனக்குத் தெரிய மாட்டேங்குது.”

அவள் வகுப்பில் யாரையும் நூலகத்துக்கு அனுப்பவில்லை. எல்லாப் பிள்ளைகளும் இருந்தார்கள், கடைசி பெஞ்சில் நெருக்கியடித்துக்கொண்டு எனக்கு இடம் கொடுத்தார்கள். ஃபூரியர் சீரிஸ் பாடம். நான் உட்கார்ந்திருக்கிறேன் என்பதற்காகவோ என்னவோ இங்கிலீஷில்தான் ஆரம்பித்தாள். இரண்டு நிமிஷம் பிள்ளைகளின் முகத்தைப் பார்த்தாள். சாக்பீஸைக் கீழே வைத்தாள். “அலைன்னா இன்னா? மகாபலிபுரத்துல போய் நில்லு. பெரிய அலை ஒண்ணு வருது. அதும் மேலயே சின்னச் சின்ன அலை ஓடிகினு வருதா இல்லியா? அல்லாத்தையும் கூட்டினாத்தான் நீ பாக்கற அந்த அலை. அத்தப் பிரிச்சி, எது எவ்ளோ கீதுன்னு பாக்கப் போறோம். அவ்ளோதான் ஃபூரியர்.” எனக்கு முன் பெஞ்சில் ஒரு பெண், “காத்து ஜாஸ்தியானா எந்த அலை மேடம் பெருசாவும்?” என்று கேட்டாள். யாரும் எழுதிக்கொடுத்துக் கேட்ட கேள்வி இல்லை அது. தேவகி கொஞ்சம் யோசித்து, “தெரில. கண்டுபுடிப்போம், இந்தக் கணக்கு முடியட்டும்” என்றாள். நான் அந்தக் கல்லூரியில் வேலை பார்த்த அத்தனை வருடத்தில் ஓர் ஆசிரியர் வகுப்பில் தெரியாது என்று சொல்லிக் கேட்டதே இல்லை.

அவள் கேட்ட இடத்தையும் பார்த்தேன். முதல் அலை எவ்வளவு என்று சொல்கிற எண்ணை, கெழுவை, கண்டுபிடித்து முடித்ததும் பலகையின் இடப்பக்கத்தை ஒரே இழுப்பில் அழித்துவிட்டாள். பின் பெஞ்சுப் பிள்ளைகள் அதை இன்னும் எழுதி முடிக்கவில்லை. எழுதாமல் விட்டதைப் பக்கத்து நோட்டில் எட்டிப் பார்த்து எழுத ஆரம்பித்தார்கள். அதற்குள் அவள் இரண்டாவதுக்குப் போய்விட்டாள். அங்கேதான் கயிறு அறுந்தது. அதற்குப் பிறகு அவர்கள் எழுதினார்களே ஒழியக் கேட்கவில்லை. தமிழும் காரணமில்லை, பிள்ளைகளின் மண்டையும் காரணமில்லை. டஸ்டர்தான் காரணம்.

சாயங்காலம் கல்லூரி பஸ்ஸில் அவளோடேயே மகாபலிபுரம் வரைக்கும் போனேன். பஸ் நிலையத்தை ஒட்டிய கடையில் டீ சொன்னோம். பக்கத்துப் பட்டறையில் உளிச் சத்தம், ரோட்டில் சுற்றுலா வேன்களின் நெரிசல். பார்த்ததைச் சொன்னேன். தேவகி டீயைக் கையிலேயே வைத்துக்கொண்டு கேட்டாள். “அட, அத்த அழிக்கறது எனக்கே தெரியாதுடி. கை தானா போவுது. இத்தினி வருஷத்துல ஒருத்தர் சொல்லலியே” என்றாள். அப்புறம் கடைக்காரரிடம் பேனா வாங்கி, டீ கிளாஸ் வைத்த பழைய பேப்பரில் பலகை மாதிரி கட்டம் போட்டு, எதை எங்கே எழுதினால் எவ்வளவு நேரம் அழிக்காமல் விடலாம் என்று பார்க்க ஆரம்பித்துவிட்டாள். கடப்பாக்கம் பஸ் ஒன்று வந்து போனதைக்கூட கவனிக்கவில்லை. அன்றைக்கு எனக்குக் கர்வமாக இருந்தது, ஒளிப்பானேன். வெளிநாட்டிலிருந்து சென்ட் பாட்டிலும் சாக்லேட்டும் கொண்டுவருகிறவர்கள் மத்தியில் நான் ஒரு உருப்படியான பழக்கத்தைக் கொண்டுவந்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் காலையில் பாஸ்கர் ரிப்போர்ட் கேட்டான். நேரில் போனேன். தாளாளரும் இருந்தார். எழுதித் தர மாட்டேன் என்றேன். பார்த்ததைப் பாடம் எடுத்தவரிடம் சொல்லிவிட்டேன், எங்கள் கல்லூரியில் அதுதான் வழக்கம், மூன்றாவது ஆளுக்குச் சொல்லக் கூடாது என்று விளக்கினேன். பாஸ்கர் முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது.

“மார்க்காவது போடுங்க மேடம். பத்துக்கு எவ்ளோ?”

“மார்க்கே கிடையாது பாஸ்கர். நல்ல கிளாஸ். அவ்வளவுதான் சொல்வேன்.”

“நல்ல கிளாஸ்னா மறைக்க இன்னா மேடம் கீது?”

தாளாளர் குறுக்கிட்டார். “ஒண்ணே ஒண்ணு சொல்லுங்கம்மா. இங்கிலீஷ்லதான எடுத்தாங்க?”

“அதையும் நான் சொல்லக் கூடாதுங்க.”

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். “அம்மா நாசூக்கா சொல்லிட்டாங்க” என்றார் தாளாளர். “கவுரவமான மனுஷி. சிநேகிதிய வுட்டுக்குடுக்க மனசு வரல. புரியுதும்மா, புரியுது.” நான் அப்படி இல்லை, அப்படி இல்லை என்று எவ்வளவோ சொன்னேன். சொல்லச் சொல்ல அவர்களுக்கு இன்னும் உறுதியாயிற்று. எல்லாருக்கும் ஒன்பது கிடைக்கிற ஊரில் ஒருத்திக்கு ஒன்றும் கிடைக்கவில்லை என்றால் அது பூஜ்யம்தானே. கனடாவில் ஆசிரியருக்குக் காவலாக நிற்கிற அதே மௌனம் இங்கே என் வாயாலேயே தேவகிக்கு எதிராகச் சாட்சி சொல்லிவிட்டது. அங்கே இந்த நேர்மையால் யாருடைய சோற்றுக்கும் ஆபத்தில்லை, அதனால் நேர்மையாக இருப்பது சுலபம். இந்தச் சின்ன விஷயம் என் புத்தியில் ஏறவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை தேவகி கருங்குழிக்கு வந்தாள். கையில் இறால் பை. தெருவில் அம்மனுக்குக் கூழ் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். கல்லூரியில் அவளை இந்த மாதத்தோடு நின்றுகொள்ளச் சொல்லிவிட்டார்களாம். ‘ஃபாரின் அப்சர்வரே வாயத் தொறக்கல, நாங்க இன்னா பண்றது’ என்றானாம் பாஸ்கர். தேவகி என்மேல் கோபப்படவில்லை. அவள் கத்தியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

“நீ சொன்னது நெஜம்டி. அடுத்த கிளாஸ்லயே போர்ட ரெண்டாப் பிரிச்சி எழுதினேன். கடைசி வரைக்கும் கூடவே வந்தாங்க. கடைசி பெஞ்சுல ஒருத்தன் ரெண்டாவது டெர்ம அவனே சொன்னான், நான் வாயத் தொறக்கறதுக்கு முன்னாடி. அது எனக்குப் போதும். ஆனா அவனுங்களுக்கு இன்னாத்துக்குடி நெஜம்? ஒரு பேப்பர் கேட்டான். நீ எழுதி மூஞ்சில அடிச்சிட்டு வந்திருக்கணும்.”

“பொய் எழுதச் சொல்றியா?”

“ஆமா. என் பொண்ணு மூணாவது வருஷம். நடுவுல நிக்கணுமா அவ?”

இறாலைக் குளிர்பெட்டியில் வைத்துவிட்டு லேப்டாப்பைத் திறந்தேன். தேவகி பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். எனக்கு அந்த மொழி மறக்கவில்லை, அதுதான் கேவலம். கைக்குத் தானாக வந்தது. மிகச் சிறந்த வகுப்பு மேலாண்மை, நவீனக் கற்பித்தல் முறை, உலகத் தரம். கடைசியில் அவர்கள் தேடுகிற வரி ஒன்று வேண்டுமே என்று அதையும் சேர்த்தேன்: பாடம் முழுவதும் தெளிவான, சரளமான ஆங்கிலத்திலேயே நடத்தப்பட்டது. பத்துக்குப் பத்து போட்டேன். என் பெயர், அதன்கீழ் கனடாக் கல்லூரியின் பெயர், கையெழுத்து. அனுப்பிவிட்டுப் போய்க் கையைச் சோப்புப் போட்டுக் கழுவினேன். சினிமாவில் செய்கிற மாதிரிதான், ஆனால் நிஜமாகவே கழுவத் தோன்றியது. மதியத்துக்குள் பாஸ்கர் போன் பண்ணிவிட்டான். “இத்த அன்னிக்கே சொல்லியிருந்தா எதுக்கு மேடம் இவ்ளோ பேஜாரு? எங்களுக்கும் நல்லவங்கள அனுப்பணும்னு ஆசையா?” ஒருவருக்கும் வெட்கமில்லை. அவனுக்கும் இல்லை, எனக்கும் அன்றைக்கு இல்லை. தேவகியின் வேலை தப்பியது. இறால் தொக்கு வைத்து மூன்று நாள் சாப்பிட்டோம், நான் விமானம் ஏறினேன்.

போன வாரம் தேவகி போன் பண்ணினாள். இங்கே எனக்குச் சாயங்காலம், அங்கே அவளுக்கு விடிகிற நேரம். ஈ.சி.ஆர். பஸ்ஸில் இருந்து பேசினாள். ஐப்பசி மழை ஜன்னலில் அடிக்கிற சத்தம் கேட்டது. எப்படியிருக்கிறாய் என்றேன். நல்லாக் கீறேன் என்றாள். பெண்ணும் நன்றாகப் படிக்கிறாளாம். அப்புறம் விஷயத்துக்கு வந்தாள்.

“என்னைய மாடல் கிளாஸுக்குப் போட்டுட்டாங்கடி. யாரு காலேஜப் பாக்க வந்தாலும் நான்தான் எடுக்கணும். அதே ஃபூரியர். பொறுக்கி எடுத்த பசங்க. தமிழ் ஒரு வார்த்தை வரக் கூடாதாம். மத்த கிளாஸ்லயும் பேசக் கூடாதுன்னு வாசல்ல ஆள வெச்சிட்டான் பாஸ்கரு. ‘ஃபாரின் மேடமே எழுதிகீறாங்க, நீங்க இங்கிலீஷ்ல பிரமாதம்னு. அப்புறம் ஏன் தமிழ்’னு கேக்கறான். நான் இன்னா சொல்றது?”

“பின் பெஞ்ச் பசங்க?”

“எழுதறாங்க. போர்ட அழிக்காமதான் வெச்சிகீறேன், நீ சொன்னா மாதிரி. அழகா எழுதறாங்க. ஒருத்தனும் என்னப் பாக்கறதில்ல.” பிறகு அவளாகவே சொன்னாள். “கேட்டாண்ட பெரிய ஃபிளெக்ஸ் வெச்சிகீறாங்க. நீ கோட்டு போட்டுகினு சிரிக்கற போட்டோ, உன் காலேஜ் வெப்சைட்லேந்து எடுத்துகீறாங்க. உன் காலேஜ் பேரு. ‘உலகத் தரத்தில் ஆங்கில வழிக் கல்வி’ன்னு நீ சொன்னதா போட்டுகீது. தெனம் அத்தத் தாண்டித்தான் உள்ள போறேன்.” மகாபலிபுரம் வந்துவிட்டது, இறங்கணும் என்று வைத்துவிட்டாள்.

அந்தப் படத்தை எடுத்துவிடச் சொல்லி எழுதலாம் என்று கணினி முன்னால் உட்கார்ந்தேன். நான் சொன்னது பொய் என்று எழுதாமல் அதை எடுக்கச் சொல்ல வழியில்லை. அப்படி எழுதினால் படத்தோடு தேவகியையும் எடுத்துவிடுவார்கள். ஒரு வரியும் எழுதாமல் மூடி வைத்துவிட்டேன். இங்கே நாளைக்கு எனக்குக் காலையில் வகுப்பு இருக்கிறது. பனி பெய்யும் என்கிறார்கள், கோட்டைத் துவைத்துப் போட்டிருக்கிறேன். அங்கே படூரில் அதே கோட்டைப் போட்டுக்கொண்டு மழையில் நனைந்தபடி வாசலில் நின்று சிரித்துக்கொண்டிருக்கிறேன், என் சிநேகிதி தமிழில் ஒரு வார்த்தை பேசிவிடாமல் பார்த்துக்கொண்டு.